கடைக்கணக்கும் நீதிமன்றமும்

தோட்டப்புறத்துச் சில்லறைக் கடையில் கல்லாப்பெட்டிக்கு அருகில் நீண்ட ஏடு ஒன்று எப்போதும் கிடக்கும். அட்டை கிழிந்து, அரிசித் தவிடும் எண்ணெய்க் கறையும் படிந்திருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பக்கத்தின் தலைப்பில் பெயர். அதன்கீழ் அரிசி, பருப்பு, மிளகாய், மண்ணெண்ணெய், பிள்ளைக்குச் சட்டைத்துணி எனப் பற்று. சம்பள நாளன்று வரவு. பந்திங் வட்டாரத்தில் ஜுக்ரா செல்லும் சாலையிலும் மோரிப் கடற்கரைச் சாலையிலும் கேரித் தீவிலும் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களின் பொருளாதாரம் இத்தகைய ஏடுகளின்மேல் நின்றது என்றால் அது மிகையாகாது. ஆனால் வரவு நின்றுபோன ஒரு பக்கத்தைக் கடைக்காரர் என்ன செய்வார்? அவர் ஏட்டைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறினால் அங்கே அதற்கு என்ன மதிப்பு? இக்கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளில் சட்டம் பல்வேறு விடைகளைத் தந்துள்ளது. அவ்விடைகளின் வரலாறு தமிழ்ச் சிறுவணிகரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

கடன் வழக்கு தமிழருக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் சுந்தரர் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் அடிமை ஓலையோடு வந்து வழக்கிட்ட கதையை மாணவர் அறிவர். கையிலிருந்த படியோலையை மணமகன் கிழித்தெறிந்தபின் வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையினர் வழக்கம், எழுத்து, சாட்சி ஆகிய மூவகைச் சான்றுகளைப் பற்றிப் பேசினர். மூலவோலை வெளிவந்தது, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்பு அளிக்கப்பட்டது. பக்திச் சுவைக்காகப் படிக்கப்படும் அப்பகுதியைச் சான்றுச் சட்டம் பயில்வோரும் ஒருமுறை படிக்கலாம். படியோலை வேறு, மூலவோலை வேறு, ஒப்புநோக்கும் எழுத்து வேறு என்னும் பாகுபாடு அங்கே தெளிவாக இருக்கிறது.

நிற்க. ஆங்கிலேயர் ஆட்சி மலாயாவுக்குக் கொண்டுவந்த சான்றுச் சட்டம் இந்தியாவின் வழியாக வந்தது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைத் தழுவி, நீரிணைக் குடியேற்றங்களில் 1893-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இன்று மலேசியாவில் வழங்கும் 1950-ஆம் ஆண்டின் சான்றுச் சட்டமும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் 34-ஆம் பிரிவு கடைக்காரரின் ஏட்டைப் பற்றியது. தொழில்முறையில் ஒழுங்காக எழுதிவரப்பட்ட கணக்கேட்டின் குறிப்புகள் வழக்குக்குப் பொருத்தமான சான்றாகும். ஆயினும் அவை மட்டுமே ஒருவர்மீது கடன் பொறுப்பைச் சுமத்தப் போதா. சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: ஒருவர் மற்றவர்மீது ஆயிரம் கேட்டு வழக்கிட்டுத் தம் கணக்கேட்டைக் காட்டுகிறார், வேறு சான்று இல்லையேல் கடன் மெய்ப்பிக்கப்படவில்லை.

இவ்விதியில் நியாயம் உண்டு. தன் கையால் எழுதியதைத் தனக்கே சாட்சியாக்கினால் எவர்மீதும் எதையும் எழுதலாம் அல்லவா? ஆனால் தோட்டக் கடையின் நடைமுறையோடு வைத்துப் பார்த்தால் விதியின் கடுமை விளங்கும். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் புறப்படுமுன் ஒரு சிறுமி வந்து, “அம்மா கால் கிலோ சீனி வாங்கி வரச் சொன்னார்” என்பாள். கடைக்காரர் கையொப்பம் கேட்பாரா? கேட்டால் அடுத்த நாள் அக்குடும்பம் வேறு கடைக்குப் போய்விடும். நம்பிக்கையின்மேல் நடந்த வாணிகத்தில் எழுத்துச் சான்று கேட்பதே அவமதிப்பு. நீதிமன்றம் கேட்டதோ அதைத்தான்.

நீதிமன்றம் என்பது அக்காலத்தில் எங்கே இருந்தது? கோல லங்காட் வட்டாரத்தின் பழைய தலைநகர் ஜுக்ரா. சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் லங்காட் பகுதியில் வாழ்ந்தார். 1874-இல் இளைஞரான ஃபிராங்க் சுவெட்டன்ஹம் அங்கு அனுப்பப்பட்டார். ஆங்கிலேயர் ஆட்சிமுறை வேரூன்றுமுன் மலாய் நாடுகளில் கடன்பட்டவர் கடன் கொடுத்தவரின் வீட்டில் உடலுழைப்பால் கட்டுண்டு கிடக்கும் வழக்கம் இருந்தது. பேராக்கில் 1884-இல் அது ஒழிக்கப்பட்டது. மேலைநாட்டார் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதினர். இங்கிலாந்திலேயே 1869-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கடனாளிகளைச் சிறையிலடைத்து வந்தனர் என்பதை அவ்வாறு எழுதியோர் மறந்தனர் போலும்.

சிறுகடனுக்குச் சிறுமன்றம் வேண்டும் என்னும் எண்ணம் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பேரரசு முழுதும் பரவியது. இங்கிலாந்தில் 1846-இல் வட்டார நீதிமன்றங்கள் அமைந்தன. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மாநகரங்களில் 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறுவழக்கு நீதிமன்றங்கள் தோன்றின. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் சிறுதொகை வழக்குகளைக் கேட்கத் தனி மன்றம் இருந்தது. மலாய் மாநிலங்களில் கிராமத்துத் தலைவராகிய பெங்ஹூலுவே அடிநிலை நீதிபதி. 1948-ஆம் ஆண்டின் கீழ்நிலை நீதிமன்றச் சட்டத்தின்படி அவர் 50 ரிங்கிட்டுக்கு மேற்படாத வழக்குகளைக் கேட்கலாம். வழக்காடும் இருவரும் மலாய் பேசிப் புரிந்துகொள்ளும் ஆசியராக இருத்தல் வேண்டும். தோட்டத்துத் தமிழர் இருவர் தம் அரிசிக் கணக்கைப் பெங்ஹூலுவிடம் மலாய் மொழியில் வாதாடுவது நடைமுறையில் எளிதன்று. அவர்கள் கிராணியிடமோ தண்டலிடமோ கோயில் தலைவரிடமோ போனார்கள். அஃதே அவர்களுடைய சிறுவழக்கு மன்றம்.

இனி, கடைக்காரருக்கே கடன் கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் கிள்ளானிலும் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார் அவர். ஐரோப்பிய வங்கிகள் சில்லறை வணிகரை வாயிலுக்குள்ளும் விடாத காலத்தில், முகம் பார்த்துக் கடன் கொடுத்தவர் செட்டியார் ஒருவரே. தோட்டத் தொழிலாளி கடைக்காரருக்குக் கடன். கடைக்காரர் மொத்த வணிகருக்கும் செட்டியாருக்கும் கடன். செட்டியார் வங்கிக்குக் கடன். ரப்பர் விலை நின்றவரை இச்சங்கிலி நின்றது. 1929-க்குப்பின் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது கீழ்க்கண்ணி முதலில் அறுந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. ஆயிரக்கணக்கான தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஏட்டில் பக்கம் இருந்தது. பக்கத்துக்கு உரியவர் நாகப்பட்டினத்தில் இருந்தார்.

இச்சூழலில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933-இல் திருத்தி இறுக்கப்பட்டது. 1913-இல் முதலில் இயற்றப்பட்ட அச்சட்டம், இத்திருத்தத்தின்பின் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதாருக்கு ஈடு வைப்பதைத் தடுத்தது. மலாய் உழவரின் நிலம் கைமாறிப் போகாமல் காப்பதே அதன் நோக்கம். அந்நோக்கத்தைக் குறைசொல்ல இயலாது. ஆனால் ஈடு வாங்கும் வழி குறுகியதால் கடன் கொடுப்போரின் கை இறுகியது. அரசு ஊழியருக்கு வேறொரு வழி பிறந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1922-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே அஞ்சல் தந்தி ஊழியரின் சிக்கனக் கடன் சங்கம் பதிவு பெற்றது. பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த இரயில்வேத் தமிழரைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்குக் கூட்டுறவு ஒரு புகலிடமாயிற்று. சில்லறைக் கடைக்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை; எனவே அப்புகலிடமும் இல்லை.

பின்னர் வந்தது சப்பானியர் காலம். கடன் வழக்குகளின் வரலாற்றில் இதைப்போல் விசித்திரமான பகுதி வேறில்லை. 1942 முதல் 1945 வரை வாழைமரம் அச்சிட்ட தாள்கள் பணமாக வழங்கின. தொடக்கத்தில் மலாயா வெள்ளிக்கு நிகராக நின்ற அத்தாள் ஆண்டுக்காண்டு மதிப்பிழந்தது. இறுதிக் காலத்தில் கூடைநிறையத் தாள் கொண்டுபோய்க் கைநிறையப் பொருள் வாங்கியதை முதியோர் சொல்லக் கேட்டவர் பலர். இக்காலத்தில்தான் பழங்கடனாளிகள் பலர் செட்டியாரைத் தேடி வந்தனர்! ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாதவர், முழுத்தொகையையும் வாழைமரத் தாளில் எண்ணி வைத்து, “பத்திரத்தைக் கொடுங்கள்” என்றார். வாங்க மறுத்தால் ஆட்சியாளரின் பணத்தை இகழ்ந்த குற்றம். வாங்கினாலோ நல்ல வெள்ளிக்குக் கொடுத்த கடன் தாளாய்ப் போயிற்று.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டு வந்தபோது அத்தாள் ஒரே நாளில் செல்லாக்காசாயிற்று. பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் கடன் வசூலை நிறுத்திவைத்தது. அதன்பின் எழுந்த கேள்வி எளிய மனிதரின் கேள்வியேயாயினும் நீதிபதிகளையும் திணறவைத்தது. வாழைமரத் தாளில் அடைத்த பழங்கடன் அடைபட்டதா, இல்லையா? அத்தாளில் வாங்கி இன்னும் அடைக்காத கடனுக்கு இப்போது எத்தனை நல்ல வெள்ளி தரவேண்டும்? விடையாக வந்ததே 1948-ஆம் ஆண்டின் கடனாளி, கடனீந்தார் பற்றிய ஆக்கிரமிப்புக் காலச் சட்டம். அது மாதவாரியாக ஓர் அட்டவணை வகுத்தது. இன்ன மாதத்தில் இத்தனை சப்பானியத் தாள் நூறு மலாயா வெள்ளிக்கு நிகர் என்று அட்டவணை சொல்லும். ஆக்கிரமிப்புக் காலத்துக் கடன்கள் அதன்படி மாற்றி மதிப்பிடப்பட்டன. போருக்கு முந்திய கடனை அத்தாளில் அடைத்திருந்தால் பொதுவாக அது அடைபட்டதாகவே கொள்ளப்பட்டது. மதிப்பு பாதாளத்துக்குப் போன பிற்பகுதியில் அடைக்கப்பட்ட பெருங்கடன்களுக்கு மட்டும் வேறு கணக்கு இருந்தது.

இச்சட்டத்தின் வெற்றி தோல்வி எவர் நிலையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. செட்டியாருக்கு இது பேரிழப்பு. பர்மாவில் நிலங்களை இழந்து வந்தவர்க்கு மலாயாவிலும் முதலில் ஒரு பகுதி கரைந்தது. சில்லறைக் கடைக்காரரின் கணக்கு நேர்கோட்டில் செல்லவில்லை. செட்டியாருக்குக் கொடுக்க வேண்டியதைத் தாளில் அடைத்த அளவில் அவருக்கு ஆதாயம். தொழிலாளியிடமிருந்து அதே தாளில் வாங்கிய அளவில் நட்டம். சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு மீளாதவர்களின் பக்கங்கள் எந்த அட்டவணைக்கும் அடங்கவில்லை. அவற்றைக் கடைக்காரர்கள் கோடிட்டு அடிப்பதன்றி வேறென்ன செய்ய இயலும்?

மூன்றாண்டு கழித்து 1951-இல் கடன் கொடுப்போர் சட்டம் வந்தது. வட்டித்தொழில் புரிவோர் உரிமம் பெறவேண்டும். கடன் விவரத்தை முறையாக எழுதிக் கடனாளியிடம் படியொன்று தரவேண்டும். தவறினால் நீதிமன்றத்தில் கடனை வசூலிக்க முடியாது. இன்றுள்ள நிலையில் ஈட்டுக்கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடும் வட்டியின் உச்சவரம்பு. கொடுவட்டிக்காரரை அடக்க இத்தகைய சட்டம் வேண்டியதே. ஆனால் சட்டத்தை அஞ்சியவர் யார்? ஏடு வைத்து, முகவரியோடு தொழில் செய்தவரே அஞ்சினார். இருட்டில் தொழில் செய்தவர் நீதிமன்றத்தை நாடுபவர் அல்லர். அவருக்குச் சட்டம் ஒரு பொருட்டன்று. போர் இழப்பு, நாட்டு விடுதலைகள், வங்கிகளின் வளர்ச்சி முதலிய காரணங்களோடு இதுவும் சேர்ந்து செட்டியார்கள் மெல்லமெல்லத் தொழிலைக் குறைத்துக்கொண்டனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் வங்கியே முழுவதும் வந்து அமர்ந்தது எனச் சொல்ல முடியாது.

1953-இல் வந்த காலவரையறைச் சட்டத்தை ஒருவரியில் சொல்லிவிடலாம் என்று தோன்றும்; ஆனால் கடைக்காரருக்கு அதில் ஒரு நற்செய்தி உண்டு. ஒப்பந்தக் கடனுக்கு வழக்கிட ஆறாண்டு தவணை. இந்தியாவில் அது மூன்றாண்டே. கடனாளி இடையில் ஒரு சிறு தொகை வரவு வைத்தாலும், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலும், அந்நாளிலிருந்து ஆறாண்டு புதிதாகத் தொடங்கும். தீபாவளிக்கு முன்னர் “ஐந்து வெள்ளியாவது வரவு வையுங்கள்” என்று கடைக்காரர் கெஞ்சுவதில் சட்ட ஞானம் இருந்ததோ இல்லையோ, சட்டப் பயன் இருந்தது. ஆயினும் தோட்டங்கள் துண்டாடப்பட்ட ஐம்பது, அறுபதுகளிலும், 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோர் பலர் தாயகம் திரும்பியபோதும் ஆறாண்டுத் தவணையால் ஆனதொன்றில்லை. அழைப்பாணை சார்பு செய்வதற்கு முகவரி வேண்டுமே!

இவ்வாறிருக்க, 1987-இல் மலேசிய நீதிமன்றங்களில் சிறுகோரிக்கை நடைமுறை புகுத்தப்பட்டது. வழக்குரைஞர் கட்டணம் கடன் தொகையை விழுங்கிவிடும் என்னும் நெடுநாள் குறைக்கு இது மருந்து. 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் 93-ஆம் கட்டளையில் இதை மீண்டும் வகுத்து, 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கைகளுக்கு உரியதாக்கின. வழக்குத் தொடுப்பவர் வழக்குரைஞர் இன்றித் தாமே 198-ஆம் எண் படிவத்தை நிரப்பி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். எதிரி தீர்ப்புப்படி செலுத்தாவிட்டால் காரணம் கேட்டு அழைக்கலாம். தவணை முறையில் செலுத்தவும் மன்றம் பணிக்கலாம்.

இந்நடைமுறையில் ஒரு நிபந்தனை கவனிக்கத்தக்கது. வழக்குத் தொடுப்பவர் தனிமனிதராக இருத்தல் வேண்டும். நிறுவனத்தின்மீது வழக்கிடலாம், நிறுவனம் வழக்கிட இயலாது. பெரிய நிறுவனங்கள் சிறுமன்றத்தை வசூல் இயந்திரமாக்கிவிடக் கூடாது என்பதே காரணமாக இருக்கலாம். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று, சென்ற நூற்றாண்டுகளின் சிறுவழக்கு மன்றங்கள் பல வணிகரின் வசூல் அலுவலகங்களாகவே மாறின. ஆனால் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்தும் மளிகைக்கடையை, கணக்கர் சொன்ன அறிவுரைப்படி ஒரு ‘செண்டிரியான் பெர்ஹாட்’ ஆகப் பதிவுசெய்துவிட்டால், அதுவும் சட்டத்தின் கண்ணில் நிறுவனமே. இரண்டாயிரம் ரிங்கிட் பாக்கிக்காக அது வழக்குரைஞரை அமர்த்தி வழக்கமான முறையில் வழக்கிட வேண்டும். அண்டை நாடான சிங்கப்பூர் வேறுவழி சென்றது. 1985-இல் செயற்படத் தொடங்கிய அதன் சிறுகோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வணிகரும் நிறுவனமும் கோரிக்கை வைக்கலாம். அங்கே இப்போது வரம்பு 20,000 வெள்ளி, இருதரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி. இவ்விரண்டில் சிங்கப்பூர் வழியே சிறுவணிகருக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை.

மலேசியாவில் மக்கள் மிகுதியும் அறிந்த மன்றம் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயமே. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தால் அமைந்து அவ்வாண்டு நவம்பர் 15-இல் அது செயற்படத் தொடங்கியது. கட்டணம் 5 ரிங்கிட், வழக்குரைஞர் இல்லை. கோரிக்கையின் வரம்பு முதலில் 10,000 ரிங்கிட், 2003-இல் 25,000, 2019-இல் 50,000. தையற்காரர் கெடுத்த மணப்பெண்ணின் பட்டுச் சட்டைக்கும், குளிர்பதனப் பெட்டி பழுதானதற்கும் எளிய மனிதர் நியாயம் கேட்க வழி பிறந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. பயனீட்டாளர் வணிகர்மீது வரலாம். வணிகர் பயனீட்டாளர்மீதோ தமக்குச் சரக்கனுப்பும் மொத்த வணிகர்மீதோ அங்கே வர இயலாது. பேரங்காடிக்குத் தீர்ப்பாயத்தில் போய் நிற்க ஓர் அலுவலர் உண்டு. பந்திங் கடைத்தெருவின் தையற்காரர் அன்றைக்குக் கடையை மூடிவிட்டுப் போக வேண்டும். தீர்ப்பை நிறைவேற்றத் தவறினால் அது குற்றமுமாகும். பயனீட்டாளர் உரிமைக்கு மாறாக இதைச் சொல்வதாகக் கொள்ளற்க. கடைக்காரரும் தம் வீட்டுக்கு வாங்கும்போது பயனீட்டாளரே.

திவால் சட்டத்தின் மாற்றமோ இருபுறமும் கூருடையது. 1967-ஆம் ஆண்டின் அச்சட்டத்தின்கீழ் 30,000 ரிங்கிட் கடனுக்கு ஒருவரைத் திவாலாக்கலாம் என்றிருந்த நிலை, 2017-இல் 50,000 ஆக உயர்ந்தது. ஆதாயம் கருதாமல் பிறருக்காகப் பிணை நின்றவரைத் திவாலாக்குவதும் அப்போது தடுக்கப்பட்டது; உறவினரின் சொந்தப் பயன்பாட்டு வாகனக் கடனுக்குக் கையொப்பமிட்டுக் கெட்டவர்களை அறிந்தோர்க்கு இதன் அருமை தெரியும். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், வரம்பு 100,000 ரிங்கிட்டாயிற்று. பின்னர் அதுவே நிலைபெற்றது. கடன்பட்ட கடைக்காரரை இது காத்தது. அதே கடைக்காரர் உணவகம் ஒன்றுக்கு எண்பதாயிரத்துக்குக் காய்கறியும் அரிசியும் கடனாகக் கொடுத்து ஏமாந்திருந்தால், திவால் என்னும் அச்சுறுத்தலை அவர் இனிப் பயன்படுத்த இயலாது. தீர்ப்புப் பெற்று, பொருளை முடக்கி, ஏலம் விட்டே வாங்க வேண்டும்.

2013 மார்ச்சு முதல் நாள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் வரம்பு 25,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. பெங்ஹூலுவின் ஐம்பது ரிங்கிட் மன்றம் அத்திருத்தத்தோடு சட்டத்திலிருந்து நீங்கியது. அதை இழந்ததாக எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. பெரும்பாலோர் அப்படி ஒன்று இருந்ததையே அறியார்.

இன்று பந்திங் வட்டாரத்தவர் சிறுகோரிக்கையோடு செல்ல வேண்டிய இடம் தெலுக் டத்தோ நீதிமன்றம். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. சில்லறைக் கடைகளில் எஞ்சியவை சிலவே. ஆயினும் பற்றேடு மறையவில்லை. அதைச் சான்றாகக் காட்டும் கடைக்காரர் மூன்று செயல்களைச் செய்ய வேண்டியிருக்கிறது. 198-ஆம் எண் படிவத்தைத் தேசிய மொழியில் நிரப்ப வேண்டும். ஏட்டுக்குத் துணையாக ஒரு சாட்சியையோ, கடனாளி கையொப்பமிட்ட ஒரு துண்டுத்தாளையோ தேட வேண்டும். தமிழில் எழுதிய பற்றுவரவுப் பக்கங்களுக்குச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு வாங்க வேண்டும். அதற்குப் பக்கக் கணக்கில் கட்டணம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று அவர் எழுதிய பக்கங்களை மொழிபெயர்க்க ஆகும் தொகையையும் அதே ஏட்டின் கடைசிப் பக்கத்தில்தான் அவர் குறித்து வைப்பார்.